நடக்காததற்கு ஓர் இலக்கணம்



இந்த மேடையில் வழக்கமாக ஒரு கவிஞரைப் பற்றியோ ஒரு காப்பியத்தைப் பற்றியோ பேசுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவ்வளவு எடுப்பான பொருள் அல்ல. ஆங்கிலம் பேசுகிறவர்கள் ஒன்றுக்கு ஆசைப்படும்போதும், இதைவிட அது மேல் என்று சொல்லும்போதும், நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போயிற்றே என்று வருந்தும்போதும் அவர்களுடைய வினைச்சொல் என்ன பாடுபடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. பள்ளிக்கூடத்தில் 'இஃப் கிளாஸ்' என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் சிலருடைய முகம் மாறுவது தெரிகிறது. தேர்வுக்கு வராது, பயம் வேண்டாம்.

சில வாக்கியங்களைக் கேளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஓர் ஆங்கிலத் தாய் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் 'இட்ஸ் டைம் யூ வென்ட் டு பெட்' என்கிறாள். பிள்ளை தூங்கப் போகவில்லை, அதுதான் அவளுக்குக் கோபம். ஆனாலும் வினை 'வென்ட்', அதாவது போனாய். கடைக்காரர் 'ஹவ் மெனி டிட் யூ வான்ட்?' என்று கேட்கிறார். வாடிக்கையாளர் இன்னும் வாங்கவே இல்லை. தங்கும் விடுதியின் முன்மேசையில் இருக்கும் பெண் 'வாட் வாஸ் த நேம்?' என்கிறாள். நம்மூரிலிருந்து போனவருக்கு, தன் பெயர் நேற்றோடு மாறிவிட்டதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். வழி கேட்டால் ஒருவர் 'ஐ விஷ் ஐ நியூ' என்கிறார். 'நியூ' என்றால் தெரிந்திருந்தது, ஆனால் அவர் சொல்ல வருவது தெரியாது என்பதை. கடைசியாக எல்லோருக்கும் தெரிந்த 'இஃப் ஐ வேர் யூ', நான் நீயாக இருந்தால். இந்த ஐந்திலும் வினை இறந்தகாலத்தில் நிற்கிறது. ஐந்தில் ஒன்றிலாவது இறந்துபோன காலம் என்று ஏதாவது இருக்கிறதா?

இல்லை. ஆங்கிலத்தின் இறந்தகால வடிவத்தை நாம் காலம் காட்டும் கருவியாக மட்டுமே கற்றுக்கொண்டோம். அது தூரம் காட்டும் கருவி. நேற்று நடந்தது இன்றிலிருந்து தூரம். நடக்காதது நடப்பிலிருந்து தூரம். மரியாதையாகக் கேட்பவர் கேட்கப்படுபவரிடமிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறார், அதுவும் தூரம். ஒரே வடிவம் இந்த மூன்று வேலையையும் செய்கிறது. மூன்றும் தனித்தனி விதிகள் என்று நினைத்துப் படித்ததால்தான் நமக்கு இது பாடாகிவிட்டது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் நினைப்புக்கும் விருப்பத்துக்கும் தனி விகுதிகள் இருந்தன. 'அவன் இருந்தான்' என்று நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம், 'அவன் இருந்தால்' என்று நினைப்பதைச் சொல்ல வேறொரு வடிவம். பாடினான் என்பதற்கு 'சாங்', பாடியிருந்தால் என்ற நினைப்புக்கு 'சுங்கெ'. ஆங்கிலத்தில் அழுத்தம் சொல்லின் முன்பகுதியில் விழும், கடைசி அசை மெலிந்துகொண்டே போகும். அப்படி மெலிந்து மெலிந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள் அந்த விகுதிகள் காதில் விழாமலே போய்விட்டன. நினைப்பு வடிவமும் நடப்பு வடிவமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இறந்தகாலத்தில் கலக்காமல் தப்பியது ஒரே ஒரு சொல்: 'ஐ வாஸ்' என்று வர வேண்டிய இடத்தில் நிற்கும் 'ஐ வேர்'.

அந்த ஒற்றைச் சொல்லைக் காப்பாற்ற ஆங்கில இலக்கணக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பரவலாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 1926-இல் வந்த ஃபௌலரின் ஆங்கில வழக்கு அகராதி, இந்த நினைப்பு வடிவம் பெரும்பாலும் சாகக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியும் 'இஃப் ஐ வேர்' சாகவில்லை. 1964-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' இசை நாடகத்தில், பணக்காரனாக இருந்தால் என்னென்ன செய்வேன் என்று ஏழைப் பால்காரர் பாடும் பாட்டின் தலைப்பில் 'வேர்'தான். ஆணாக இருந்தால் என்று பியான்சே 2008-இல் பாடிய பாட்டின் தலைப்பிலும் 'வேர்'தான். பாட்டுக்காரர்களுக்கு இருக்கும் காது சில சமயம் அகராதிக்காரர்களுக்கு இருப்பதில்லை.

இன்னொரு பழைய வடிவம் வாழ்த்தில் உறைந்து கிடக்கிறது. 2023 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மூன்றாம் சார்லசுக்கு முடிசூட்டியபோது எழுந்த முழக்கங்களில் 'காட் சேவ்' என்பதும் 'லாங் லிவ்' என்பதும் இருந்தன. கடவுள் காக்கிறார் என்றால் 'சேவ்ஸ்' என்று 'ஸ்' வர வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அது செய்தி இல்லை, வேண்டுதல். ஆனால் ஓர் ஆங்கிலேயர் இந்த வடிவத்தில் தன் விருப்பத்துக்குப் புதிதாக ஒரு வாழ்த்தை உருவாக்க முடியாது. வழிவழியாக வந்த சிலவற்றைத்தான் அப்படியே சொல்ல வேண்டும், புதிதாக வேண்டுமென்றால் 'மே' என்ற துணைச்சொல்லைத் தேட வேண்டும். நமக்கு அந்தத் தட்டுப்பாடு இல்லை. வியங்கோள் நம்மிடம் உயிரோடு இருக்கிறது. எந்த வினையோடும் சேரும். நம் ஊர்ச் சுவர்களில் வாழ்கவும் ஒழிகவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

அமெரிக்காவில் வேறொரு விசித்திரம் நடந்தது. ஒருவர் போயே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும்போது 'ஐ இன்சிஸ்ட் தட் ஹி கோ' என்று 'ஸ்' இல்லாமல் சொல்லும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டில் அங்கே திரும்பவும் தழைத்தது. இங்கிலாந்துக்காரர்கள் 'ஷுட் கோ' என்று துணைச்சொல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களிடமும் இது ஓரளவு பரவியது. ஒரு மொழியில் எது சாகும் எது பிழைக்கும் என்று ஆரூடம் சொல்வது ஆபத்தான தொழில்.

தனி விகுதிகள் போனபின் மிஞ்சியது இறந்தகாலம். டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன், ஆங்கில இலக்கணத்தை ஆங்கிலேயர்களுக்கே விளக்கிச் சொன்ன பேரறிஞர், இந்தப் பயன்பாட்டைக் கற்பனை இறந்தகாலம் என்றே அழைத்தார். 2000-ஆம் ஆண்டில் மொழியியலாளர் சபீன் இயாட்ரிடூ எழுதிய ஆய்வுரை இதைக் கூர்மையாக்கியது. இறந்தகால உருபு எதைச் சொல்கிறது? நான் பேசும் நேரம், இந்தக் கணம், இதில் சேராது என்கிறது. அதே உருபை உலகத்துக்குப் பொருத்தினால், நான் நிற்கும் உலகம், இந்த நடப்பு, இதில் சேராது என்று ஆகிறது. விலக்குவதுதான் அதன் தொழில். எதை விலக்குகிறது என்பதைச் சூழல் சொல்லும்.

இந்த இடத்தில் தமிழ்த்துறை நண்பர்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். இறந்தகாலம் இறந்தகாலத்தைக் குறிக்காமல் வருவதைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வினையியலில் பேசியிருக்கிறார். இனி நடக்கப்போவதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் முடிந்ததுபோலச் சொல்வது விரைவுப் பொருளில் உண்டு என்பது அவர் கருத்து. உரைகாரர்கள் காட்டும் காட்சி சுவையானது. ஒருவன் அவசரமாகப் புறப்பட வேண்டும், துணைக்கு வர வேண்டியவன் இன்னும் சாப்பிடவில்லை. இன்னுமா சாப்பிடவில்லை என்று கேட்டால், சாப்பிட்டாயிற்று, வந்துவிட்டேன் என்பான். இலையில் கை வைத்திருக்கிறானோ இல்லையோ, பதில் அதுதான். இன்றைக்கும் கைபேசியில் 'இதோ வந்துட்டேன்' என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழ், நடக்காத ஒன்றை இறந்தகாலத்தில் சொன்னால் அது கிட்டே வந்துவிடுகிறது, நடந்ததற்குச் சமம் என்ற உறுதி கிடைக்கிறது. ஆங்கிலம் அதையே செய்தால் அது எட்டிப் போய்விடுகிறது, நடக்கவில்லை அல்லது நடப்பது அரிது என்ற பொருள் வருகிறது. நம் மாணவர் ஆங்கில இறந்தகாலத்தைக் கேட்கும்போது உறுதியைக் கேட்கிறார். பேசுபவரோ சந்தேகத்தைப் பேசுகிறார். இந்தச் சறுக்கலுக்கு எந்த இலக்கணப் புத்தகத்திலும் கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

நம்முடைய நிபந்தனை எச்சமும் இறந்தகால அடியின் மேல்தான் நிற்கிறது. வந்த், செய்த் என்ற அடிகளோடு 'ஆல்' சேர்ந்து வந்தால், செய்தால் என்று வருகின்றன. ஆனால் நாம் எல்லா நிபந்தனைக்கும் அதையே போடுகிறோம். 'மழை பெய்தால் வரமாட்டேன்' என்பது நாளைக்கே நடக்கக்கூடியது. 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்' என்பது என்றைக்கும் நடக்காதது. வினை வடிவத்தில் வேறுபாடு இல்லை. சிறகு முளைக்காது என்பது கேட்பவருக்குத் தெரியும், அதை இலக்கணம் வேறு சொல்ல வேண்டுமா என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடுவதில்லை. நாளைக்கு மழை பெய்யக்கூடும் என்று நினைத்தால் நிகழ்காலம், பெய்யாது என்று நினைத்தால் இறந்தகாலம். ஒவ்வொரு முறை 'இஃப்' சொல்லும்போதும் பேசுபவர் தன் நம்பிக்கையின் அளவையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதே காரணத்தால்தான் 'ஹோப்' என்ற சொல்லுக்குப் பின் நிகழ்காலமும் 'விஷ்' என்ற சொல்லுக்குப் பின் இறந்தகாலமும் வருகின்றன. இரண்டையும் நாம் விருப்பம் என்றே கற்கிறோம். முதலாவதில் கதவு திறந்திருக்கிறது, இரண்டாவதில் மூடிவிட்டது. பிரிட்டனில் அஞ்சலட்டை 1870 அக்டோபர் 1 அன்று வந்தது, படம் போட்ட அட்டைகளுக்கு 1894-இல் அனுமதி கிடைத்தது. கடற்கரைக்குப் போனவர்கள் அவற்றில் எழுதி எழுதித் தேய்ந்த வாக்கியம் 'விஷ் யூ வேர் ஹியர்'. நீ இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீ இங்கே இல்லை என்பது அந்த 'வேர்' என்ற ஒரு சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

'விஷ்' என்பதற்குப் பின் 'வுட்' வந்தால் இன்னும் ஒரு நுணுக்கம். 'ஐ விஷ் யூ வுட் ஸ்டாப்' என்று அடுத்தவரிடம் சொல்லலாம், நீ நிறுத்தமாட்டேன் என்கிறாயே என்ற எரிச்சல் அதில் இருக்கும். மழையைப் பார்த்தும் சொல்லலாம், மழைக்கும் பிடிவாதம் உண்டு என்பதுபோல. தன்னைப் பற்றி 'ஐ விஷ் ஐ வுட் ஸ்டாப்' என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். 'வில்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் மனம் வைத்தல். அந்தப் பொருள் இன்னும் முழுதாகப் போகவில்லை. தன் மனம் தன் கையில் இருக்கும்போது அது மனம் வைக்கவில்லையே என்று தானே குறைபட்டுக்கொள்வது எப்படி?

இனி விருப்பு, தெரிவு. காபியா டீயா என்று கேட்டால் ஆங்கிலேயர் 'ஐட் ராதர் ஹாவ் டீ' என்பார். அந்த 'ஐட்' என்பதில் ஒளிந்திருப்பது 'வுட்' என்று இன்று எல்லோரும் சொல்வார்கள். முன்பு அது பெரும்பாலும் 'ஹாட்'. 'ஹாட் ராதர்' என்ற அந்த வழக்கை 1755-இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் நாகரிகமற்றது என்று கடிந்துகொண்டார். ஜான்சன் திட்டியதால் அது போகவில்லை. பேச்சில் இரண்டுமே ஒரு 'ட்' ஆகச் சுருங்கியதால் யாருக்கும் வேறுபாடு தெரியாமல் மெல்ல இடம் மாறிற்று.

அடுத்தவர் செய்வதில் நம் விருப்பத்தைச் சொல்லும்போது இது இரட்டை விலகல் ஆகிறது. 'ஐட் ராதர் யூ டிடின்ட் ஸ்மோக்.' புகைக்காதே என்பதற்கு இவ்வளவு சுற்று. 'வுட்' ஓர் அடி, 'டிடின்ட்' இன்னோர் அடி. நீங்கள் புகைக்காத ஓர் உலகத்தை நான் எட்டத்தில் பார்க்கிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான், உங்களை ஒன்றும் சொல்லவில்லை என்ற பாவனை. தமிழிலும் நேரே சொல்லாமல் 'புகை பிடிக்காமல் இருந்தால் தேவலை' என்று நிபந்தனையில் போடுவோம். தெரிவுக்கு நமக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 'சினிமாவுக்குப் போறதுக்குப் பேசாம வீட்டில படுத்துத் தூங்கலாம்.' இந்தப் 'பேசாம' வாய்மூடிச் சும்மா இருப்பதைக் குறிக்கவில்லை, அதைவிட இது மேல் என்பதைக் குறிக்கிறது. நம் இலக்கண நூல்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. யாராவது ஓர் ஆய்வு மாணவர் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

விலகி நின்று பேசுவதை மரியாதை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் சிக்கல் வரும். நம் நாட்டு அலுவலகக் கடிதங்களில் 'வில்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'வுட்' எழுதுவது பெருவழக்கு. நாளை அனுப்புவோம் என்பதற்கு 'வி வுட் பி செண்டிங்' என்று எழுதுகிறோம். கொஞ்சம் பணிவாக இருக்கிறதே என்ற எண்ணம். லண்டனில் அதைப் படிப்பவர், அனுப்புவார்கள், ஆனால் ஏதோ ஒரு நிபந்தனை இருக்கிறதுபோல என்று அடுத்த வரியில் அதைத் தேடுவார். திருமண அழைப்புக்கு வரும் பதிலிலும் இதே ஆபத்து. 'ஐட் லவ் டு கம்' என்றால் வர ஆசை, வருகிறேன். 'ஐட் ஹாவ் லவ்ட் டு கம்' என்றால் வர முடியாது. இடையில் ஒரு 'ஹாவ்' நுழைந்ததும் ஆசை முழுவதும் நடக்காத பக்கத்துக்குப் போய்விட்டது. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் ஓர் இலை கூடுதலாகப் போட்டவர்கள் உண்டு.

அந்த 'ஹாவ்' நம்மை மூன்றாவதும் கனமானதுமான பகுதிக்குக் கொண்டுவருகிறது: நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காத பழைய காலம். இறந்தகால வடிவத்தை நடப்பிலிருந்து விலகுவதற்குச் செலவழித்தாயிற்று. காலத்திலும் பின்னால் போக வேண்டுமானால் என்ன செய்வது? ஆங்கிலம் இன்னொரு படி கட்டியது: 'ஹாட் நோன்', 'வுட் ஹாவ் கம்'. நம் 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்பதும் கிட்டத்தட்ட இதே கட்டுமானம்தான். நாம் 'இரு' என்ற துணைவினையைப் போட்டோம், அவர்கள் 'ஹாவ்' போட்டார்கள். எதிர்கால விகுதியை நாம் அப்படியே வைத்துக்கொண்டோம், அவர்கள் 'வில்' என்பதை 'வுட்' ஆக்கிக்கொண்டார்கள். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் தமிழ் மாணவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவு அன்னியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்திட்டத்தில் இதைத்தான் கடைசியில், மிகக் கடினமானது என்ற முன்னுரையோடு வைக்கிறார்கள். நான் வைப்பதானால் இதையே முதலில் வைப்பேன்.

இந்த வடிவத்தின் வலிமையைக் காட்ட எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவ அறிஞர் 1970-இல் ஓர் இணை வாக்கியத்தை முன்வைத்தார். 1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டார், ஆஸ்வால்ட் சுட்டதாகக் குற்றச்சாட்டு. 'ஆஸ்வால்ட் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்.' இதை யாரும் மறுக்க முடியாது, கென்னடி இறந்தது உண்மை, யாரோ செய்திருக்க வேண்டும். 'ஆஸ்வால்ட் கொன்றிருக்காவிட்டால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள்.' இது முற்றிலும் வேறு. இதைச் சொல்பவர் ஒரு பெரிய சதியை நம்புகிறவர். அதே ஆட்கள், அதே சம்பவம், இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே மாறியது வினையின் வடிவம். தமிழிலும் இந்த வேறுபாடு பிசகாமல் வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

இதற்காக இந்த வடிவம் பொய்யைத்தான் சொல்லும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னொரு தத்துவ அறிஞர் ஆலன் ராஸ் ஆண்டர்சன் 1951-இல் காட்டிய எடுத்துக்காட்டு ஒன்று. நோயாளியைப் பரிசோதித்த மருத்துவர், இவர் ஆர்சனிக் என்ற பாஷாணத்தைச் சாப்பிட்டிருந்தால் இப்போது தெரியும் இதே குறிகள்தாம் தெரிந்திருக்கும் என்கிறார். வடிவம் நடக்காததற்கு உரியது. ஆனால் மருத்துவர் நிறுவப் பார்ப்பது அவர் அதைச் சாப்பிட்டார் என்பதை! ஆகவே இந்த வடிவம் ஒன்றைப் பொய் என்று அடித்துச் சொல்வதில்லை. அதை எட்ட நிறுத்திப் பார்க்கிறது. அங்கிருந்து உண்மைக்கும் வழி உண்டு.

பாஷாணம் என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. இந்த இலக்கணத்துக்கும் ஆர்சனிக்குக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம். 1966-ஆம் ஆண்டின் முதல் நாள் விடியற்காலையில், தேநீர் குடித்து வாந்தியெடுத்த மூன்று இரவுக் காவலர்கள் லண்டன் செல்சி பகுதி மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார்கள். பணியில் இருந்த மருத்துவருக்கே உடம்பு சரியில்லை. வந்து பார்க்காமல், வீட்டுக்குப் போய் அவரவர் மருத்துவரைப் பார்க்கட்டும் என்று தொலைபேசியில் சொல்லி அனுப்பிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. மனைவி வழக்குத் தொடுத்தார். கடமை தவறியது உண்மை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்கு தோற்றது. மருத்துவர் பார்த்திருந்தாலும் நோயைக் கண்டறிந்து மாற்று மருந்து கொடுப்பதற்குள் அவர் இறந்திருப்பார் என்பது தீர்ப்பு. ஆங்கிலேயச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கப்படும் வழக்கு இது. இறந்திருப்பார் என்ற ஒரு வினைமுற்றைத்தான் அங்கே எடைபோட்டார்கள். அந்தப் பெண்மணிக்கு ஒரு பைசா கிடைக்காமல் செய்த வினைமுற்று அது.

மனம் இந்த விஷயத்தில் நீதிமன்றத்தைப்போல நடப்பதில்லை. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1982-இல் ஒரு கேள்வி கேட்டார்கள். இரண்டு பேர் வெவ்வேறு விமானங்களைப் பிடிக்க ஒரே வண்டியில் வருகிறார்கள். போக்குவரத்து நெரிசலில் சிக்கி அரை மணி நேரம் தாமதம். ஒருவருடைய விமானம் சரியான நேரத்துக்குப் போய்விட்டது. இன்னொருவருடையது தாமதமாகி, ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் புறப்பட்டது. யாருக்கு மனவேதனை அதிகம்? 96 விழுக்காட்டினர் இரண்டாமவருக்கு என்றார்கள். இருவருக்கும் நட்டம் ஒன்றுதான். ஆனால் நடக்காதது ஒருவருக்கு அரை மணித் தொலைவில் இருக்கிறது, மற்றவருக்கு ஐந்து நிமிடத் தொலைவில். பின்னர் வேறு ஆய்வாளர்கள் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் காணொளிகளைப் பார்வையாளர்களிடம் காட்டி, போட்டி முடிந்த கணத்தில் வீரர்களின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்கு 10-க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெண்கலம் வென்றவர்களுக்குச் சராசரி 7.1, வெள்ளி வென்றவர்களுக்கு 4.8. வெள்ளிக்காரர் தங்கம் வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிறார். வெண்கலக்காரரோ ஒன்றுமே வாங்காமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறார்.

'வாங்கியிருக்கலாம்', 'போயிருக்கலாம்' என்று சொன்னேன். ஆங்கிலத்தில் இதைச் சொல்லும் 'குட் ஹாவ்' என்பதற்கு 'இஃப்' வேண்டியதில்லை, தனியாகவே நிற்கும். 1954-இல் எலியா கசான் இயக்கிய 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' படத்தில், வாடகைக் காரின் பின்னிருக்கையில் மார்லன் பிராண்டோ அண்ணனாக நடித்த ராட் ஸ்டைகரிடம் பேசும் காட்சி பலருக்கும் தெரியும். சூதாட்டக்காரர்களுக்காகக் குத்துச்சண்டையில் வேண்டுமென்றே தோற்கச் சொன்னது அந்த அண்ணன்தான். நானும் பட்டத்துக்கு மோதும் தகுதிக்கு வந்திருக்கலாம், ஓர் ஆளாக ஆகியிருக்கலாம் என்று தம்பி சொல்கிறான். நியூ ஜெர்சித் துறைமுகத் தொழிலாளியின் வாயில் 'குட் ஹாவ்' என்பது 'குடா' என்று மழுங்கி வருகிறது. நீ மட்டும் என்ற நிபந்தனைப் பகுதி அந்த வாக்கியங்களில் இல்லை. சொல்லத் தேவையும் இல்லை, அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1914-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் அப்போது குளோஸ்டர்ஷயர் டிமாக் பகுதியில் குடியிருந்தார். ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் தாமஸ் அவருடைய நண்பர். இருவரும் வயல்வெளிகளில் மணிக்கணக்காக நடப்பார்கள். எந்தப் பாதையில் போனாலும், நடந்து முடிந்தபின் மற்றப் பாதையில் போயிருந்தால் இன்னும் அரிய செடிகளையோ பறவைகளையோ பார்த்திருக்கலாமே என்று தாமஸ் வருந்துவார். அந்தக் குணத்தைச் சீண்டுவதற்காக ஃப்ராஸ்ட் அமெரிக்கா திரும்பியபின் எழுதி அனுப்பியதுதான், போகாத பாதையைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கவிதை. தாமஸுக்குக் கேலி பிடிபடவில்லை, சிரிக்கவில்லை. உலகமும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. துணிச்சலான தெரிவைப் புகழும் கவிதையாக இன்றும் பட்டமளிப்பு விழாக்களில் வாசிக்கிறார்கள். தாமஸ் 1915 ஜூலையில் படையில் சேர்ந்தார். 1917 ஏப்ரல் 9 அன்று பிரான்சின் அராஸ் போர்க்களத்தில் இறந்தார். சேராமல் இருந்திருந்தால் என்று யோசிக்காத ஆங்கிலக் கவிதை வாசகர் இருக்க மாட்டார். அமெரிக்காவுக்கு வரும்படி ஃப்ராஸ்ட் அழைத்தும் இருந்தார்.

இவ்வளவு நுட்பமான வடிவம் இல்லாத மொழிக்காரர்களுக்கு நடக்காததை நினைக்கவே தெரியாதோ என்று ஒருவர் கேட்டுவிட்டார். ஆல்ஃப்ரெட் புளூம் 1981-இல் எழுதிய நூலில், சீன மொழியில் இதற்கென்று தனி வினை வடிவம் இல்லை, ஆகவே சீனம் பேசுகிறவர்கள் இப்படிச் சிந்திக்கத் தயங்குகிறார்கள் என்றார். ஹாங்காங்கில் அவர் கேட்ட கேள்வி இது: வெளியூரில் பிறந்தவர்கள் எல்லோரும் வாராவாரம் காவல்துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டால் என்ன செய்வீர்கள்? அரசு அப்படிப் போடவில்லையே, போடவும் போடாதே என்று பலர் பதில் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அது அரசியல் தெரிந்தவர்களின் பதில். 1983-இல் டெர்ரி ஆவ் என்ற ஆய்வாளர் இதை எடுத்து ஆராய்ந்தார். புளூம் கொடுத்த சீனக் கதைகளின் நடையே செயற்கையாக இருக்கிறது, இயல்பான சீனத்தில் எழுதிக் கொடுத்தால் மாணவர்கள் தடுமாறாமல் புரிந்துகொள்கிறார்கள் என்று காட்டினார். கட்டாயப்படுத்தும் இலக்கணம் இல்லை என்பதால் நினைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சிறகு முளைத்தால் பறப்பேன் என்று சாதாரண எதிர்காலத்தில் சொல்லும் தமிழருக்குத் தனக்குச் சிறகு முளைக்கப்போகிறது என்ற நம்பிக்கை கிடையாது.

கடைசியாக, இந்த அவையில் இருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒன்று. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் பேச்சில் 'இஃப் ஐ வுட் ஹாவ் நோன்' என்றும், இன்னும் ஒரு படி மேலே போய் 'இஃப் ஐ ஹாட் ஹாவ் நோன்' என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பின்னது பல நூற்றாண்டுகளாகவே இருந்துவருகிறது. பெரும்பாலான இலக்கண நூல்கள் பிழை என்கின்றன. பிழைதான், ஆனால் ஏன் விடாமல் செய்கிறார்கள்? 'ஹாட்' என்பது வெறும் காலத்தைக் காட்டவும் வருகிறது, நடக்காததைக் காட்டவும் வருகிறது. பேசுபவருக்கு அது போதவில்லை. நான் பழையதைச் சொல்லவில்லை, நடக்காத பழையதைச் சொல்கிறேன் என்று பிரித்துக் காட்ட இன்னும் ஓர் அடி தள்ளிப்போகப் பார்க்கிறார். 15-ஆம் நூற்றாண்டில் தொலைத்த விகுதியை அந்த மொழி இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறது. விடைத்தாளில் அதைப் பார்த்தால் சிவப்பு மையால் கட்டாயம் அடியுங்கள். அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று மாணவருக்குச் சொல்லும்போது, விதி இல்லாத இடத்தில் அவர் தடுமாறவில்லை, விதி போதாத இடத்தில் தடுமாறினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.